கல் இல்லாத ஊரில் ஒரு கல்

எங்கள் ஊரில் கல் கிடையாது.
நாய் விரட்டவும்
மண்ணாங்கட்டிதான்.
ரோட்டுக்கு ஜல்லி லாரியில் வரும்.
அம்மி, யாரோ ஒரு மருமகளோடு வண்டியேறி வரும்.
கோயில் தூணும்
ஏதோ மலையிலிருந்து
அசைந்து அசைந்து வந்ததுதான்.
கருங்கல் என்றாலே எங்களுக்கு
விருந்தாளி.

குத்தாலத்துக்குக் கிழக்கே
தையல்நாயகி வீட்டுக் கொல்லையில்
கழிவறைத் தொட்டிக்குக் குழி.
கூலிக்கு நானும் கலியபெருமாளும்.
முதல் இரண்டடி சாம்பலும் ஓட்டாஞ்சில்லும்.
அப்புறம் களி,
மண்வெட்டியைப் பிடித்தால் விடாத கறுப்புக் களி.
அப்புறம் மாவு மாதிரி வண்டல்,
நத்தைக் கூடு, கரித்துண்டு.
ஏழாவது அடியில்
ணங்.

இந்த ஊர் மண்ணுக்குள்
அந்தச் சத்தத்தை நான் கேட்டதே இல்லை.
கலியபெருமாள் வெட்டுவதை நிறுத்திவிட்டு
தலையை மட்டும் குழிக்கு மேலே நீட்டி
பங்குக்கு ஆள் வருகிறதா என்று பார்த்தார்.

கையகலம்தான்.
ஒரு பக்கம் விளிம்பு, மறுபக்கம் குவிந்த முனை.
சேற்றைத் துடைத்தால்
குளித்தேறிய எருமை முதுகின் மினுக்கம்.
ஆற்றுக்கு இவ்வளவு பொறுமை உண்டு.
ஆனால் ஆறு
ஒரு பக்கத்தை மட்டும் கூராக்காது.

மணல் போட்டு, தண்ணீர் விட்டு,
மறுபடி மணல், மறுபடி தண்ணீர்,
தேய்த்திருக்கிறான்.
அல்லது தேய்த்திருக்கிறாள்.
வெளியே கால்வைக்க முடியாத
ஓர் ஐப்பசி முழுக்க உட்கார்ந்தால்
விரல்நீளம் விளிம்பு வரலாம்.

மேற்கே மலை பார்க்க
பஸ்ஸிலேயே அரை நாள்.
அப்போது கரை இல்லை, மதகு இல்லை,
ஆற்றுக்குப் பெயரும் இருந்திருக்காது.
'அது' என்றிருப்பார்கள்.
'அது வருது' என்றால்
குழந்தையையும் நெருப்பையும் தூக்கிக்கொண்டு
திடலுக்கு ஓட வேண்டும்.
மூன்றாவதாகத் தூக்கியது
இதுவாக இருக்கும்.

விரால் தின்றிருப்பார்கள், ஆமை,
அல்லிக் கிழங்கு,
நாணலுக்குள் கோழியோ கொக்கோ இட்ட முட்டை.
நான் விடுகிற மாதிரியே
நண்டு வளையில் கையை விட்டு
கடி வாங்கியிருப்பார்கள்.
அந்தக் கெட்ட வார்த்தை எந்த மொழியோ.
சொல்லியிருப்பார்கள்,
அதில் சந்தேகமில்லை.

இதைத் தொலைத்தவனைத்தான்
நினைத்துக்கொண்டிருக்கிறேன்.
கல் இருக்கிற ஊரில் கல் தொலைந்தால்
வேறு கல்.
இங்கே?
கால் விரலால் சேற்றைத் துழாவியிருப்பான்.
துழாவிய இடத்தையே திரும்பத் துழாவியிருப்பான்.
போன சம்பாவில்
நடவு வயலில் செல்போனை விட்டுவிட்டு
கலியபெருமாள் மூன்று நாள் வரப்பில் நின்றார்.
மூன்றாம் நாள் மணியடிக்காது என்று தெரிந்தும்
என் போனிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

கல்லின் தட்டைப் பக்கத்தில் கீறல்.
மண்வெட்டி பட்டுவிட்டதோ என்று பயந்தேன்.
இல்லை, கீறலுக்குள்ளேயே பழைய களி.
நான்கு கோடு, நெருக்கமாக,
மீன்முள் போல ஒருபக்கம் சாய்ந்து.
வெட்டுவதற்கு இந்தக் கோடு வேண்டாம்.
மரத்துக்குத் தெரியாது, ஆமைக்கும் தெரியாது.
வயிறு நிறைந்த ஒரு மாலையில்
சும்மா இருக்கமுடியாத கை.

ஐந்தாவது கோடு
பாதியில் நிற்கிறது.

யார் கூப்பிட்டார்கள்?
'அது வருது' என்றா?
மீன் வெந்துவிட்டது என்றா?

என் கட்டைவிரல் நகம்
அந்தப் பாதியில் போய் உட்கார்ந்தது.
இழுத்து முடித்துவிடலாமா
என்று ஒரு நிமிஷம் தோன்றியது.

"ஒன்பதடி பேசியிருக்கு,"
மேலேயிருந்து தையல்நாயகி.
"கல்லப் பாத்துக்கிட்டு நின்னா
தண்ணி ஊறிடும்."

துண்டில் சுற்றி மேலே வைத்தேன்.
தாலுகா ஆபீசுக்கு யார் போவது என்று
அங்கே பேச்சு ஓடுகிறது.
எவ்வளவு தேறும் என்று கலியபெருமாள் கேட்கிறார்.
தண்ணீர் ஊறிக்கொண்டுதான் இருக்கிறது,
கணுக்கால் வரை, குளிர்ந்து,
இன்னும் பெயர் வைக்காத
அது.